ஆறாம் நரம்பும் ஏழாம் நரம்பும்

அந்துப்பூச்சியின் மார்பில் இறங்க வேண்டிய ஊசி என் கணவரின் இடது கட்டைவிரலில் இறங்கியதை அடுப்படியில் இருந்தபடியே பார்த்தேன். அவர் கத்தவில்லை. விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேறோர் ஊசியை எடுத்தார். அது பூச்சிக்குப் பக்கத்தில் தக்கையில் குத்தி நின்றது. அதன்பிறகு அவர் ஊசியைத் தொடவில்லை. பூச்சி இருந்த பெட்டியை மூடிவிட்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் பத்தல" என்றார்.

வாசலில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு என்ன குறை என்று நான் கேட்கவில்லை. சில மாதங்களாகவே அவர் ஆட்களோடு பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதுக்கு அப்பால் எங்கோ பார்த்துப் பேசுவதைக் கவனித்திருந்தேன். "பூச்சி சாருக்குத் தலைக்கனம் கூடிப்போச்சு" என்று ஊரில் யாரோ சொன்னது என் காதுக்கும் வந்திருந்தது. அது தலைக்கனம் இல்லை என்பது அன்றைக்குப் புரிந்தது.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம் எங்களுக்குக் கல்யாணம். நான் விராலிமலைப் பக்கம். எட்டாவது வரைக்கும் படித்தவள். அவர் விவசாய இலாகாவில் பூச்சிகளைக் கவனிக்கும் உதவியாளர். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்து அவரைக் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அந்தப் பக்கமெல்லாம் ஆடி மழையை நம்பிக் கடலை விதைக்கிற செம்மண் பூமி. ஊர்க்காரர்களுக்கு அவர் பெயர் தெரியாது, பூச்சி சார் என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் இருந்த வீடு ஓர் அக்காவுடையது. அவள் புருஷன் மலேயாவுக்குப் போனவர், வருவது நின்றுபோயிருந்தது. வீட்டின் முன்பாதியை எங்களுக்கு விட்டுவிட்டுப் பின்பாதியில் அவள் இருந்தாள். மேட்டில் கடலைக்கொல்லையும் கண்மாய்க்குக் கீழே நெல் வயலும் வைத்துத் தானே நின்று விவசாயம் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை ஆத்தா என்பாள்.

என் கணவரை அங்கே அனுப்பியதே ஒரு சின்னப் பூச்சிக்காகத்தான். கடலைச் செடியின் இலைக்குள்ளே புழு தோலுக்கும் தோலுக்கும் நடுவில் அரித்துக்கொண்டு போகும். கொஞ்சம் பெரிதானதும் வெளியே வந்து, இலைகளை நூல் விட்டு இழுத்து மடித்து, அந்த மடிப்புக்குள் இருந்துகொண்டு தின்னும். நல்ல வெயிலடித்தால் கொல்லை முழுக்கக் காய்ந்து சுருண்டு, தீ வைத்த மாதிரி ஆகிவிடும். "கடலை தீஞ்சு போச்சு" என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்தப் புழு கூடு கட்டி வெளியே வரும்போது ஓர் அரிசியைவிடச் சிறிய, சாம்பலும் கருப்பும் கலந்த அந்துப்பூச்சி. சாயங்காலம் விளக்கேற்றினால் கண்ணாடியைச் சுற்றிப் பறக்கும். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

கோடையில் கடலை கிடையாது. அப்படியானால் பங்குனி, சித்திரை, வைகாசியில் அந்தப் பூச்சி எங்கே இருந்து உயிர் பிழைக்கிறது? இதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் வயல்களில் பச்சையாக நிற்பது அவுரி ஒன்றுதான். அறுப்பு முடிந்ததும் அவுரி விதைத்து, கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததும் செடியோடு சேற்றில் மிதித்துத் தழையுரம் ஆக்குவார்கள். அவுரி இலையிலும் ஒரு புழு சுருள் கட்டிக்கொண்டு இருந்தது. அதிலிருந்து வந்த பூச்சியும் அதே அளவு, அதே சாம்பல் நிறம். இரண்டும் ஒன்றுதான் என்று மேலதிகாரி சந்தேகப்பட்டார். ஒன்றுதான் என்றால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவுரியைக் கோடையிலேயே பிடுங்கச் சொல்ல வேண்டியதுதான். அதைத் தீர்மானமாகச் சொல்ல வேண்டியவர் என் கணவர்.

எங்கள் வீட்டுக்கார அக்காவின் வயல் முழுக்க அவுரி நின்றது. அவளிடம் இருந்த மாடுகளின் சாணம் கடலைக்கொல்லைக்கே காணாது. நெல்லுக்கு அவுரிதான் கதி.

கட்டைவிரலில் ஊசி குத்திய வாரத்திலேயே மதுரைக்குப் போனோம். கண் டாக்டர் அவரை இருட்டறையில் உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். கண்ணுக்குள்ளே இருக்கும் திரையில் நடுப்பகுதி கெட்டுப்போயிருக்கிறது, ஓரம் கெடவில்லை, அதனால் நடக்கலாம், சாப்பிடலாம், ஆள் வருவது தெரியும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது தெரியாது. மருந்து கிடையாது, கண்ணாடி போட்டும் பயனில்லை என்றார். அவர் சொன்ன விதத்தில் கடுமை இல்லை. என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மைக்ராஸ்கோப்பு பார்க்கலாமா டாக்டர்?"

டாக்டர் தலையை ஆட்டினார். அது என் கணவருக்குத் தெரியவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். "முடியாதுன்னு சொல்றாருங்க" என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அவர் மைக்ராஸ்கோப்பை எடுத்து ஜன்னலோரம் வைத்து, அதன் அடிக்கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு, "இங்க வந்து உக்காரு" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"நான் பார்க்க முடியாது. நீ பாரு. பார்க்கிறதைச் சொல்லு. அது என்னன்னு நான் சொல்றேன்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். "கருப்பா, கோரைப்புல் மாதிரி எதுவோ ஆடுது" என்றேன்.

"அது ஒன் இமை மயிரு. கண்ணைக் கொஞ்சம் மேல தூக்கு."

தூக்கினேன். வட்டமாக வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தின் நடுவில் ஓர் இறகு கிடந்தது. அரிசியைவிடச் சிறியது என்று நான் விளக்கடியிலிருந்து பெருக்கித் தள்ளுகிற பூச்சியின் இறகு. ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காகச் செதில். ஓரத்தில் பட்டுக் குஞ்சம். "என்ன தெரியுது, என்ன தெரியுது?" என்று அவர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பத்து வருஷமாகப் பார்த்துவந்ததை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன், அவர் இனிமேல் பார்க்கப்போவதில்லை. சந்தோஷப்பட்டதற்காக எனக்கே கூச்சமாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். இந்தப் பூச்சிகள் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. முகத்துக்கு முன்னால் இரண்டு உறுப்புகள் அரிவாள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். பின்னிறகின் நுனி விரலை நீட்டிய மாதிரி ஒடுங்கியிருக்கும். கடலைப் பூச்சிக்கும் அவுரிப் பூச்சிக்கும் இரண்டுமே இருந்தன. குடும்பம் ஒன்றுதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் பூச்சிகள் எக்கச்சக்கம். அதற்குள்ளே பேரினம் பேரினமாகப் பிரித்திருக்கிறார்கள். அவர் அதை ஜீனஸ் என்றுதான் சொல்வார்.

"ஒரே ஜீனஸ்னா பங்காளிங்க. வேற வேற ஜீனஸ்னா ஒரே ஊர்க்காரங்க, ஒரே சாடை, அவ்வளவுதான். கொல்லையில என்ன மருந்து, எப்ப வரும், எங்க ஒளியும் எல்லாம் அதுல இருந்துதான் யோசிக்கணும். சாடையை வச்சு முடிவு பண்ணா தப்பாப் போயிரும்."

கடலைப் பூச்சிக்கு அப்போது ஸ்டோமாப்டெரிக்ஸ் என்று பேரினப் பெயர். அதற்கும் முன்னால் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார்களாம். பல வருஷம் கழித்து அதையும் மாற்றி அப்ரோயரீமா என்று ஆக்கிவிட்டார்கள். பூச்சி என்னவோ ஒன்றுதான், ஆராய்ந்தவர்கள் மாற்றி மாற்றி வைத்தார்கள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஸ்டோமாப்டெரிக்ஸ் என்று திக்காமல் சொல்லவே ஒரு வாரம் பிடித்தது.

பேரினத்தைப் பிரிப்பது இறகின் நரம்புகளை வைத்து. ஸ்பிரிட்டில் தோய்த்த மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்துவிட்டால் நிறமெல்லாம் போய் இறகு எண்ணெய்க் காகிதம் மாதிரி ஆகும். அதில் நரம்புகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பின்னிறகில் கீழ் ஓரத்திலிருந்து எண்ண வேண்டும். ஆறாம் நரம்பும் ஏழாம் நரம்பும் ஒரே காம்பிலிருந்து பிரிகின்றனவா, அல்லது ஆரம்பத்திலிருந்தே தனித்தனியா என்று பார்க்கச் சொன்னார். இறகு துடைக்கிறபோது மூச்சை விட்டாலே பறந்துபோகும். முதலில் பல இறகுகளைக் கிழித்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்ததில்லை.

நரம்பு மட்டும் போதாது, வால் நுனியையும் வெட்டிக் காஸ்டிக் கரைசலில் சுடவைத்துச் சதை கரைந்ததும் பார்க்க வேண்டும் என்றார். என் அடுப்பில் அதை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கொல்லைப்புறத்தில் தனியாக ஒரு குமுட்டி அடுப்பில் வைத்தோம். கரைந்த பிறகு பார்த்தால் கொக்கியும் மடலுமாக ஏதோ இருந்தது.

"இது என்ன உறுப்புங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆண் பூச்சியோடது. அதுதான்."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து வைத்த பிறகும் அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல. நிறம் ஏமாத்தும். இறகுகூட ஏமாத்தும். இது ஏமாத்தாது. ஒவ்வொரு ஜாதிக்கும் பூட்டுக்கேத்த சாவி மாதிரி இது தனித்தனியா இருக்கும். வா, கொக்கி எத்தனைன்னு சொல்லு."

உட்கார்ந்து சொன்னேன். அதன்பிறகு வெட்கம் போய்விட்டது.

வீட்டில் ஒரு மூலையில் கடலைச் செடிகள், எதிர் மூலையில் அவுரிக் கொத்துகள். ஈர மணலில் குச்சியை நட்டு, மேலே லாந்தர் விளக்கின் கண்ணாடிச் சிம்னியைக் கவிழ்த்து, வாயை மல் துணியால் கட்டியிருந்தார். கோடையில் கடலை வேண்டுமே என்று கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாத்தி தனியாகப் போட்டுப் பூச்சியைக் காப்பாற்றி வைத்திருந்தார். சிம்னிக்குள் பூச்சி பொரித்து வந்ததும் அவரே குழாயில் பிடித்துவிடுவார். அது ஆடுவது ஓரப் பார்வைக்குத் தெரியும். வால் வெட்டுவது, இறகு துடைப்பது, கண்ணாடித் துண்டில் ஒட்டுவது எல்லாம் என் கை.

இதற்கிடையில் வீட்டுக்கார அக்கா தினமும் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டு நிற்பாள்.

"என் அவுரிப் பூச்சி வேற சாதிதானே ஆத்தா?"

"இன்னும் தெரியலக்கா. பார்த்துக்கிட்டிருக்கோம்."

"வேறயாத்தான் இருக்கும். காலங்காலமா அவுரி போடுறோம். அதுல இருந்தா வரப்போகுது?"

எனக்கும் அது வேறாக இருக்க வேண்டும் என்று ஆசை. அவுரி போனால் அவள் நெல்லுக்கு என்ன செய்வாள் என்று கவலை. ஒருநாள் ஓர் இறகைப் பார்த்து, "தனித்தனி" என்று நான் சொன்னதும் என் கணவர் கேட்டார், "இது எந்தச் செடிப் பூச்சின்னு ஒனக்குத் தெரியுமா?"

"அவுரிதானே. அந்தப் பக்கத்துக் குழாயில இருந்துதானே எடுத்தேன்."

அவர் அன்றைக்கு அதோடு வேலையை நிறுத்திவிட்டார். அதுவரை செய்ததை எல்லாம் ஒதுக்கி வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்ல. பொய் சொல்ல ஒனக்கு வராது. ஆனா மனசு எதை விரும்புதோ அதைக் கண்ணு காட்டும். எனக்கும் அப்படித்தான். அதனாலதான் சொல்றேன்."

அதற்குப் பிறகு அவர் குழாயிலிருந்து பூச்சியை எடுக்கும்போதே, ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாகக் 'க' என்றோ 'அ' என்றோ எழுதி, மேலே கருப்புக் காகிதத்தைச் சுற்றி ஒட்டி, பூச்சியோடு ஒரு சின்னக் குப்பியில் போட்டுவிடுவார். குப்பிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்து இடம் மாற்றிக் கலைத்து ஒவ்வொன்றாக என்னிடம் கொடுப்பார். எந்தச் செடி என்பது எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்லி, காம்பு என்றால் இந்தப் பக்கம், தனி என்றால் அந்தப் பக்கம் என்று கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்காத சீட்டோடு அடுக்க வேண்டும். வைகாசி முழுவதும் இதே வேலை. சாயங்காலத்தில் கழுத்து வலித்து நிமிர முடியாது. அவர் சோறு வடித்து வைத்திருப்பார். ஊரில் அந்தக் காலத்தில் ஆண் சோறு வடித்தால் சிரிப்பார்கள். அக்கா பார்த்தும் சிரிக்கவில்லை.

கடைசியில் காம்புப் பக்கம் பெரிய வரிசையும் தனிப்பக்கம் சின்ன வரிசையும் நின்றன. ஆண் பூச்சிகளின் வால் நுனிக் கொக்கிகளும் அதேபோல இரண்டு விதமாகவே இருந்தன. இரண்டு பேரினங்கள் இருப்பது உறுதி. பெரிய வரிசை கடலை, சின்ன வரிசை அவுரி என்று மனத்துக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

"சீட்டைப் பிரிச்சுப் படி" என்றார்.

சின்ன வரிசையை முதலில் பிரித்தேன். அ. அடுத்ததும் அ. எல்லாமே அ. "எல்லாம் அவுரிங்க!" என்று கத்திவிட்டேன்.

"அந்தப் பக்கத்தையும் பிரி."

பெரிய வரிசையைப் பிரித்தேன். க. க. அடுத்தது அ. பிறகு ஒரு க. பிறகு இரண்டு அ. படித்துக்கொண்டே போனேன், குரல் இறங்கிக்கொண்டே போனது. அவுரியில் இரண்டு பூச்சிகள் இருந்தன. ஒன்று அவுரிக்கே உரியது, வேறு பேரினம். மற்றது சாட்சாத் கடலைப் பூச்சி. கோடையில் அது அக்காவின் வயலில்தான் ஒளிந்துகொண்டிருந்தது.

என் கணவர் தகரப் பெட்டியை மூடி வைத்தார். பிறகு, "நல்லாப் பார்த்திருக்க" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு இனிக்கவில்லை.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பூச்சி இருக்குக்கா. ஒண்ணு வேற சாதி, அதால கடலைக்கு ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு கடலைப் பூச்சியேதான்."

அவள் கை தொட்டியிலேயே நின்றது. "அந்த வேற சாதியை மட்டும் வச்சுக்கிட்டு இதை விரட்ட முடியாதாக்கும்?"

"முடியாதுக்கா."

"செடியைத்தான் புடுங்கச் சொல்வாக."

"அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைக்கிறேன்."

"அத்தனை நாளு கண்ணு பூத்துப்போற மாதிரி பார்த்தியே, இதுக்குத்தானா?" என்றாள். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போய் அவுரியைப் பிடுங்க ஆரம்பித்தாள். யாரும் இன்னும் உத்தரவு போடவில்லை, காத்திருக்கலாமே என்று என் கணவர் போய்ச் சொன்னார். "இருக்குன்னு தெரிஞ்ச பெறகு எப்படி சார் வச்சிருக்கிறது? என் கொல்லை மட்டுமா, அக்கம்பக்கத்துக் கொல்லையும்தானே தீயும்" என்று மட்டும் சொன்னாளாம். பிடுங்கிய செடியைக் குழி வெட்டிப் போட்டு மூடினாள்.

எங்கள் வீட்டுக்குள் அப்போது வேறொரு சண்டை. அறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியிருந்தேன். அடியில் பரிசோதித்தவர் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை.

"போட்டுருங்க. கையெழுத்துத்தானே" என்றேன்.

"நான் பார்க்கலியே."

"நீங்க கேட்டுத்தானே நான் சொன்னேன்? ஒங்க படிப்பு இல்லாம எனக்கு ஆறு எது, ஏழு எதுன்னு தெரியுமா?"

"அது சரி. ஆனா நான் பார்க்கல."

"கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிரும். அப்புறம் எங்கிட்டுப் போறது?" என்று கேட்டேன். எங்களுக்குக் குழந்தை இல்லை, இரண்டு பக்கமும் தாங்கக்கூடிய குடும்பம் இல்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை.

ஆனி மாதத்தில் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். வயதானவர், கறாரானவர் என்று பெயர். கண்ணாடித் துண்டுகளின் வரிசையைப் பார்த்ததும், "நல்லா மௌண்ட் பண்ணியிருக்கீங்களே" என்றார். அறிக்கையைப் படித்தார். அடியில் வெறுமையாக இருப்பதைக் கண்டு, "சைன் பண்ணலியே?" என்று கேட்டார்.

"நான் பார்க்கலீங்க சார்" என்றார் என் கணவர். "என் மனைவி பார்த்தா. நான் கேட்டு எழுதினேன். எனக்கு நடுப்பார்வை போயிருச்சு."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"எப்ப இருந்து?"

"போன ஐப்பசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு கண்ணாடித் துண்டாக எடுத்துப் பார்த்தார். டிரைவர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, "இங்க வாங்கம்மா" என்று கூப்பிட்டார்.

"இதுல ஆறும் ஏழும் தனின்னு வச்சிருக்கீங்க. நல்லாப் பாருங்க. இது நரம்பு இல்ல, கிழிசல்."

பார்த்தேன். கிழிசல்தான். நரம்பென்று நம்பி வைத்திருந்தேன். "ஆமாங்க" என்றேன்.

"மத்ததெல்லாம் சரி" என்றார் அவர். பிறகு என் கணவரிடம், "நான் பார்த்ததா என் கையெழுத்தைப் போடுறேன். செஞ்சது நீங்க ரெண்டு பேரும்னு எழுதுறேன். ஆனா கண் விஷயத்தை என்னால மறைக்க முடியாது" என்றார்.

"மறைக்க வேண்டாம் சார்."

நாங்கள் இருவரும் செய்ததாக ஒரு வரி எழுதினாரா, எழுதியது நின்றதா என்று எங்களுக்குத் தெரியாது. அச்சில் வந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ஆடிக் கடலையில் சுருள் பூச்சி வந்தது, ஆனால் முந்திய வருஷம் அளவுக்கு இல்லை என்றார்கள். அவுரியைப் பிடுங்கியதால் என்று சிலர் சொன்னார்கள். மழை அடிக்கடி பெய்தது, மழைக்கு அந்தப் பூச்சி தாங்காது, அதனாலும் இருக்கலாம் என்று என் கணவர் சொன்னார். அக்கா கண்மாயிலிருந்து வண்டல் அடித்து வயலுக்குப் போட்டாள். நெல் சுமாராகத்தான் விளைந்தது. ஒருநாள் முருங்கைக்கீரையை முறத்தில் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்துவிட்டு, "பூச்சி சாருக்குக் கண்ணுக்கு நல்லது, பொரிச்சுக் குடு" என்றாள். அதிலிருந்து மறுபடி பேச்சு வந்தது.

மெடிக்கல் போர்டு அவரைச் சர்வீசிலிருந்து விலக்கியது. மைக்ராஸ்கோப்பை எடுத்துப் போக ஆபீஸிலிருந்து பியூன் வந்தார். என் கணவர் அதைத் துணியால் துடைத்து, மரப்பெட்டிக்குள் வைத்து, கொக்கியை மாட்டிக் கொடுத்தார். "பஸ்ஸுக்கு மேல போட்டுராதப்பா. மடியிலயே வச்சுக்க" என்றார். பியூன் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றார். உள்ளே வந்து படுத்தவர் மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு சில மாதங்கள் எங்கள் வீட்டில் சத்தமே இல்லை. அவர் கேட்டால் பதில் சொல்வார், தானாகப் பேசமாட்டார்.

என்னை டீச்சர் ட்ரெயினிங்குக்கு அனுப்பியது அவர்தான். எட்டாவது பாஸ் செய்திருந்தால் சேரலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, விண்ணப்பம் போடச் சொல்லி நச்சரித்தார். நான் அவரைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்றேன். அக்கா குறுக்கே வந்து, "நான் ஒருத்தி இங்கன இல்லையா? ஒருவேளைச் சோறு போட்டா கொறைஞ்சா போவேன்? நீ போ ஆத்தா" என்றாள். புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வேலைகள் பழகியிருப்பார். துணி துவைத்தார், கிணற்றில் தண்ணீர் சேந்தினார். சத்தத்தை வைத்தே அடுப்பு எரிகிறதா, அணைகிறதா என்று சொல்லிவிடுவார்.

அறுபதுகள் தொடங்கும்போது எனக்கு மீமிசல் பக்கம் ஒரு கடலோர ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் மீன்பிடிக்கிறவர்கள். அவரைப் பூச்சி சார் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் வீட்டுக்காரர் என்றார்கள். காலையில் படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போய், கையால் தொட்டுப் பார்த்தே நல்ல மீனைப் பேரம்பேசி வாங்கிவருவார். பழைய விஷயத்தை நாங்கள் பேசிக்கொள்வது அநேகமாக நின்றுபோயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிறபோதே, என்ன நினைத்தேனோ, அவரைக் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்குங்க?"

அவர் மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம். ஒன்னை வச்சே ஓட்டியிருக்கலாம். அப்புறம் யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. அந்த வருஷம் பூரா ஜீப் சத்தம் கேட்டா பயந்துக்கிட்டு இருந்திருப்பேன்."

"வருத்தமா இருக்கா?"

"வேலை போனது வருத்தம்தான். அது இன்னைக்கும் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் பேசினோம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. கஞ்சி போட்டுக் காயவைத்த என் சேலையைக் கொடியிலிருந்து எடுத்து வந்து, ஓரத்தை ஓரத்தோடு விரலால் தடவிச் சேர்த்து, மடித்து, பாயின் அடியில் வைத்தார். நான் பாடக்குறிப்பை எழுதி முடித்தேன்.